யார் வீட்டுப் பிள்ளை

பிப்ரவரி 3

அன்புள்ள சித்திக்கு,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். மாடிப்படி ஏறும்போது மட்டும் அம்மாவுக்கு முழங்கால் வலிக்கிறது. உங்கள் இருமல் விட்டதா? ஹாஸ்டலில் வெந்நீர் கொடுக்கிறார்களா?

போனில் பேசினால் எனக்கு ‘ம்’ தவிர வேறு வராது என்று கேலி செய்வீர்கள். அதனால் எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது, கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் இந்த ஜெராக்ஸ் கடையில் சேர்த்துவிட்டவர் நீங்கள்தான். “நீ பேச வேண்டாம், மெஷின் பேசிக்கும்” என்றீர்கள். நேற்று அந்த மெஷின் என்னிடமே பேசிவிட்டது.

ஒரு வக்கீல் குமாஸ்தா பெரிய கட்டு ஒன்றைப் பிரதி எடுக்கக் கொண்டுவந்தார். ஆயுள் கைதிகள் பதினான்கு வருடம் ஒழுங்காக இருந்தால் விட்டுவிடலாம் என்றிருந்த விதியைப் போன வருடம் இருபத்தைந்து என்று மாற்றினார்களே, அதை எதிர்த்து ஒரு கைதி போட்ட வழக்கு. பழைய கைதிகளை இது கட்டுப்படுத்தாது என்கிறார் அவர். பாதிக்கப்படுகிறவர்கள் பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். இருநூற்று ஆறாவது அப்பா. அந்தப் பக்கம் வந்தபோது மெஷினில் காகிதம் சிக்கிக்கொண்டது என்று பொய் சொல்லிவிட்டுப் படித்தேன்.

வரும் நவம்பரில் அப்பாவுக்குப் பதினான்கு முடிகிறது. அவர் உள்ளே போனபோது எனக்கு மூன்று வயது. இருபத்தைந்து என்றால், வரும்போது எனக்கு இருபத்தெட்டு.

அப்பா கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று அம்மா தையல் மெஷினை ஜன்னலை விட்டு நகர்த்தி மூலையில் போட்டிருந்தாள். சட்டம் மாறிய பிறகும் அது மூலையில்தான் இருக்கிறது. கேட்டால், “இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு” என்கிறாள். அங்கே வெளிச்சமே இல்லை, சித்தி.

வழக்கு நீங்கள் வேலை பார்க்கும் பெரிய கோர்ட்டில் நடக்கிறதாமே. ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அக்கா மகள்


பிப்ரவரி 14

அன்புள்ள வாயாடிக்கு,

இருமல் என்னை விட்டுவிட்டு அடுத்த கட்டில் டீச்சரைப் பிடித்துக்கொண்டது. அவர் என்னோடு பேசுவதில்லை. மற்றபடி நலம். அக்காவை முழங்காலில் சூடான துணி வைக்கச் சொல்.

நீ எழுதும் முன்பே எனக்குத் தெரியும். இந்த வழக்கைக் கேட்கும் மூன்று நீதிபதிகளில் ஒருவருடைய அறையில்தான் என்னைப் போட்டிருக்கிறார்கள். அவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சு செய்வது என் வேலை. வழக்கில் உறவுக்காரர் இருந்தால் பதிவாளரிடம் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. வழக்குப் போட்டவர் வேறு ஆள். உன் அப்பா நானூறு பேரில் ஒருவர். அதனால் சொல்லத் தேவையில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். சொன்னால் அறையை மாற்றிவிடுவார்கள் என்பதும் உண்டு.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அறைக்குள் நடப்பது ஒரு எழுத்துகூட உனக்கு வராது. நீயும் கேட்கக் கூடாது. திறந்த கோர்ட்டில் எல்லார் காதிலும் விழுந்ததை எழுதுகிறேன். அது தெருவில் போகிறவருக்கும் தெரியக்கூடியதுதான்.

வேளைக்குச் சாப்பிடு.

சித்தி


மார்ச் 21

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே வெயில் ஏறிவிட்டது. எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ அனுப்பிய கைக்குட்டை கிடைத்தது. தையல் அக்காவைவிட நேராக இருக்கிறது, அவளிடம் சொல்லாதே.

இதுவரை மூன்று நாள் வாதம் நடந்தது. எல்லாம் அரசியலமைப்பில் இருக்கும் ஒரே ஒரு வரியைப் பற்றி: ‘குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டத்தைவிடக் கடுமையான தண்டனை எவருக்கும் தரப்படக் கூடாது.’ பதினான்கை இருபத்தைந்தாக்கியது தண்டனையைக் கடுமையாக்கியதா, அல்லது கொடுத்த சலுகையைத் திரும்ப எடுத்தது மட்டும்தானா? கேள்வி இவ்வளவுதான்.

ஊழியர்கள் நாங்கள் மூன்று நீதிபதிகளுக்கும் பட்டப்பெயர் வைத்திருக்கிறோம். நடுவில் இருப்பவர் அகராதி. எழுதியிருக்கிற சொல்லுக்கு என்ன பொருளோ, அதைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டார். “ஆயுள்னா ஆயுள்தானே? உங்க தீர்ப்புல பதினாலுன்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க” என்று கைதிகளின் வக்கீலைக் கேட்டார். அவரால் காட்ட முடியவில்லை. வலப்பக்கம் ஓர் அம்மா. அவர் பெயர் ‘இன்றைக்கு’. “எழுதினப்போ என்னவா வேணா இருந்திருக்கட்டும், இன்னைக்கு உள்ள இருக்கிற மனுஷனுக்கு அது என்ன?” என்பார். எந்த வழக்குக்கும் அவர் கேள்வி இதுதான்.

இடப்பக்கம் எங்கள் ஐயா. அவர் பெயர் பழைய பெட்டி. அரசியலமைப்பை எழுதியவர்கள் அன்று சபையில் பேசியதெல்லாம் தொகுதி தொகுதியாக அச்சில் இருக்கிறது. அதை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். அவர்கள் எதற்குப் பயந்து இந்த வரியை எழுதினார்கள் என்று தெரியாமல் பேனாவைத் திறக்க மாட்டார். பெட்டிக்குள்ளிருந்து எது வரும் என்று யாருக்கும் தெரியாது. சில வழக்கில் அகராதியோடு சேர்வார், சிலதில் ‘இன்றைக்கு’ அம்மாவோடு.

ஆக, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, எந்தப் பக்கமும் சாயாமல் ஒரு பெட்டி. அக்காவிடம் பதமாகச் சொல்.

சித்தி


ஏப்ரல் 2

அன்புள்ள சித்திக்கு,

இருவரும் நலம். சூடான துணி வைக்கிறோம். அம்மா உங்கள் கடிதத்தைப் படிக்கவில்லை. நான் படித்துக் காட்டும்போது தைத்துக்கொண்டே கேட்டாள். ஊசி மட்டும் நின்று நின்று ஓடியது.

எங்கள் கடை வாசலில் ‘படியில் உட்காரக் கூடாது’ என்று ஒரு பலகை தொங்குகிறதே, நினைவிருக்கிறதா? நேற்று கோர்ட்டுக்கு வந்த ஒரு கர்ப்பிணிப் பெண் அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி பலகையைக் காட்டி, “எழுதி வெச்சிருக்குல்ல?” என்றார். பைண்டிங் அக்கா, “அது உங்கப்பா எழுதினது. அப்ப பத்துப் பேர் உட்கார்ந்து வழியில போற பொண்ணுங்களக் கிண்டல் பண்ணானுங்க, அதுக்காக எழுதினாரு. இவங்க யாரக் கிண்டல் பண்றாங்க?” என்றார். வரிசையில் நின்ற ஒருவர், “பலகை கிடக்கட்டும், அந்தம்மா முகத்தப் பாருங்க” என்றார்.

மூன்று நீதிபதிகளும் எங்கள் கடைக்கே வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. பைண்டிங் அக்காதான் உங்கள் ஐயா. எனக்கும் ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. வாய் வரவில்லை. நான் போய்த் தண்ணீர் எடுத்துவந்தேன். அதற்குள் அவர் எழுந்து போய்விட்டார்.

அக்கறையோடு,
உங்கள் அக்கா மகள்


ஏப்ரல் 20

அன்புள்ள வாயாடிக்கு,

படிக்கட்டுத் தீர்ப்பை ரசித்தேன். நீ பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் வக்கீலாகி இருப்பாய், வாதாட மட்டும் வேறு ஆளை வைத்துக்கொண்டு. நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

இன்று வாதம் முடிந்தது. இத்தனை நாள் வாயே திறக்காத எங்கள் ஐயா அரசு வக்கீலைப் பார்த்து ஒன்று கேட்டார். “இந்த வரியை எழுதின குழுவுல எத்தனை பேர் ஜெயில்ல இருந்தவங்க, தெரியுமா?” வக்கீல் தெரியாது என்றார். “நான் எண்ணிப் பார்த்தேன். பதினொரு பேர்.” அவ்வளவுதான், எழுந்துவிட்டார். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று இரு தரப்பு வக்கீல்களும் வராந்தாவில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

இனித் தீர்ப்பு எழுதுவார்கள். அது அறைக்குள் நடப்பது, அதனால் வழக்கைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இருக்காது. கதை பேசலாம். நீ எழுது, நான் பதில் போடுகிறேன்.

சித்தி


மே 25

அன்புள்ள சித்திக்கு,

உங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். இரண்டுக்கும் பதில் இல்லை. அம்மா போன் செய்ததற்கு “வேலை இருக்குக்கா” என்று வைத்துவிட்டீர்களாம். கதை பேசலாம் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். நான் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கடைக்கு வந்த பூனையைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.

அந்தப் பதினொரு பேரைப் பற்றி முதலாளியிடம் கேட்டேன். உள்ளே இருந்தவர்களுக்குத்தான் கைதிகளின் குணம் தெரியும், அவர்கள் இரக்கம் காட்ட மாட்டார்கள் என்றார். பைண்டிங் அக்கா அதற்கு நேர்மாறாகச் சொன்னார். எதை நம்புவது?

நல்லது என்றால் நீங்கள் பூனையைப் பற்றியாவது எழுதியிருப்பீர்கள் என்று அம்மா சொன்னாள்.

நலம் என்று ஒரு வரி போதும்.

உங்கள் அக்கா மகள்


ஜூன் 8

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நேற்று அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, “நவம்பர்ல மெஷின வேற எங்கயாவது வைக்கணும், நான் குறட்டை விடுவேன்” என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். என்னால் முடியவில்லை.

நான் ஒன்று செய்துவிட்டேன். உங்களிடம் கேட்கலாம் என்றால் நீங்கள் பதில் போடுவதில்லை. பத்து நாளுக்கு முன்பு உங்கள் ஐயாவுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். நாங்கள் பிரதி எடுக்கும் காகிதங்களில் முகவரி இருக்கிறது.

அப்பா தவறு செய்யவில்லை என்று நான் எழுதவில்லை. லேத் பட்டறையில் கோபத்தில் கம்பியை எடுத்தார், கூட வேலை செய்தவர் எழுந்திருக்கவில்லை, அதை அப்படியே எழுதினேன். பதினான்கு வருடத்தில் ஒருநாள்கூட அவர் பெயர் கெடவில்லை என்று எழுதினேன். அப்பாவுக்கு என்ன வேலை என்று டீச்சர் வகுப்பில் உரக்கக் கேட்டதையும், மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகாததையும் எழுதினேன். எங்கள் கடைப் படியைப் பற்றியும் எழுதினேன்.

யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லாமல் பெரியவர்களிடம் பேச்சைத் தொடங்கக் கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்திருக்கிறாள் அல்லவா? அதனால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்: ‘ஐயா, உங்கள் அறையில் தட்டச்சு செய்கிறவரின் அக்கா மகள் நான்.’ மொட்டையாக எழுதினால் மரியாதை இல்லை என்று நினைப்பார்.

அம்மாவுக்குத் தெரியாது. எழுதியதிலிருந்து மனது லேசாக இருக்கிறது.

உங்கள் அக்கா மகள்


ஜூன் 19

அன்புள்ள குழந்தைக்கு,

நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இதை முதலில் கேட்காமல் எனக்கு எழுத வரவில்லை.

நீதிபதிகளுக்கு இப்படி மூட்டை மூட்டையாகக் கடிதம் வரும். குமாஸ்தா பிரித்து, முதல் வரியைப் பார்த்துவிட்டு ஓரமாகக் கட்டிவைப்பார். எதுவும் மேஜைக்குப் போகாது. உன் கடிதத்தின் முதல் வரியில் நான் இருந்தேன். ஏதோ ஊழியர் வீட்டு விஷயம் என்று அதை மட்டும் ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

ஐயா என்னைக் கூப்பிட்டார். கடிதம் மேஜை மேல் இருந்தது.

“இது உங்க அக்கா பொண்ணாம்மா?”

“ஆமாங்கய்யா.”

“ஏன் முன்னாடியே சொல்லல?”

அவர் கடிதத்தை மறுபடி கையில் எடுத்தார். “கையெழுத்து நல்லா இருக்கு” என்றார். அப்புறம், “இதைப் படிச்சதுக்கப்புறம் நான் எந்தப் பக்கம் எழுதினாலும், இந்தக் கடிதத்துக்காக எழுதினதா ஆயிடும். பயந்து மாத்தினேன்னு சொல்வாங்க, இல்ல மனசு இளகி எழுதினேன்னு சொல்வாங்க. நான் எழுதக் கூடாதும்மா” என்றார்.

மறுநாள் திறந்த கோர்ட்டில், ஒரு கைதியின் மகளிடமிருந்து தன் ஊழியர் பெயரைச் சொல்லி ஒரு கடிதம் வந்ததாகவும், அதனால் இந்த வழக்கிலிருந்து விலகுவதாகவும் அறிவித்தார். யாருடைய மகள் என்று சொல்லவில்லை. அவர் இடத்தில் வேறொருவர் வருவார். வாதம் மறுபடியும் நடக்கும். என்னைக் கீழே பதிவேட்டு அறைக்கு மாற்றிவிட்டார்கள், விசாரணை உண்டு. போவதற்கு முன்பு, அதுவரை தட்டச்சு செய்த ஒரு கட்டுக் காகிதத்தை நானே கிழிக்கும் மெஷினில் போட்டேன்.

உன் மேல் கோபம் இல்லை. அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

சித்தி


ஜூலை 1

அன்புள்ள சித்திக்கு,

நான் நலம். அப்படித்தான் எழுத வேண்டும்.

உங்கள் கடிதத்தைக் கடைக் கழிவறையில் வைத்துப் படித்தேன். உங்கள் வேலைக்கு என்னால் ஆபத்து வந்துவிட்டது. மன்னித்துவிடுங்கள் என்று எழுதினால் அது சின்னதாக இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் கிழித்துப் போட்ட கட்டில் என்ன இருந்தது? ஐயா எந்தப் பக்கம்? கேட்கக் கூடாது என்று தெரியும். அதைச் சொல்ல முடியாவிட்டால் இதையாவது சொல்லுங்கள். மே மாதம் முழுவதும் ஏன் எனக்கு எழுதவில்லை?

பேசாமலேயே இருந்தவள் நான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பேசினேன்.

உங்கள் அக்கா மகள்


அக்டோபர் 9

அன்புள்ள குழந்தைக்கு,

மூன்று மாதமாக எழுதவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. பதிவேட்டு அறையில் தூசி, இருமல் திரும்பிவிட்டது. விசாரணையில் வேலை போகவில்லை. இனி நீதிபதி அறைக்கு மட்டும் போக முடியாது.

தீர்ப்பு உங்கள் கடைக்கு என் கடிதத்துக்கு முன்பே வந்திருக்கும். இரண்டுக்கு ஒன்று. புதிதாக வந்தவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘அவங்க வேலை’. “எத்தனை வருஷம்ங்கிறது சட்டம் போடறவங்க வேலை, நம்ம வேலை இல்ல” என்பதையே பத்து விதமாகச் சொன்னார். அகராதியோடு சேர்ந்துவிட்டார். ‘இன்றைக்கு’ அம்மா தனியாக எழுதியிருக்கிறார். ‘வாசலை நோக்கி நடந்துகொண்டிருப்பவன் முன்னால் வாசலை நகர்த்தி வைப்பதும் தண்டனையே’ என்று ஒரு வரி. தோற்ற பக்கத்துத் தீர்ப்பு என்பதால் அதற்குப் பலம் இல்லை. ஆனால் அச்சில் இருக்கும்.

நீ இரண்டு கேள்வி கேட்டாய். முதல் கேள்விக்கு நான் சாகும்வரை பதில் சொல்ல முடியாது.

இரண்டாவதற்குச் சொல்கிறேன். கஷ்டத்தை மறைத்துக்கொண்டு கடிதம் எழுத எனக்கு நன்றாகத் தெரியும். உன் அப்பா உள்ளே போனதிலிருந்து அக்காவுக்கு அப்படித்தான் எழுதி வருகிறேன். அந்த மே மாதம் முழுவதும் தினம் ஒரு கடிதம் தொடங்கினேன். வெயில் என்று எழுதினாலும், பூனை என்று எழுதினாலும், அது சிரித்துக்கொண்டே எழுதியதுபோல் இருந்தது. நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டேன். சந்தோஷத்தை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

பதிவாளரிடம் அன்றே சொல்லியிருந்தால் இது எதுவும் இல்லை. முதல் தவறு என்னுடையது. இதை நீ மறக்கக் கூடாது.

சித்தி


அக்டோபர் 24
(சிறை அலுவலகத்தில் படித்துப் பார்க்கப்பட்டது)

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு இங்கே ஒருவர் தைலம் சொன்னார், அடுத்த தடவை சொல்கிறேன்.

தீர்ப்பைக் கேட்டிருப்பீர்கள். நான் செய்ததற்கு நான் இருக்கிறேன். என்னோடு சேர்ந்து நீங்கள் இருவரும் தண்டனை அனுபவிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கே நிலைமை சரியில்லை. அந்த முதல் நீதிபதி இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று வக்கீல் யாரிடமோ சொல்லியிருக்கிறார். அவரை விலக வைத்த கடிதத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். ஒரு கைதியின் மகள் எழுதியது என்று பேப்பரில் வந்தது. எங்களில் நூறு பேருக்கு மேல் மகள் இருக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். என்னையும் கேட்டார்கள். “என் பொண்ணா? கடையில போய் ஒரு சோப்பு கேக்கவே கைய நீட்டிக் காட்டுற பிள்ளை அது” என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அந்தப் பெண்ணைத் திட்டாதவர்கள் குறைவு. நான் திட்டவில்லை. தன் அப்பாவுக்காக எழுதிய பிள்ளை. நீ கோர்ட்டுக்கு எதிரே வேலை செய்கிறாய், நாலு பேர் வந்து போகிற இடம். அந்தப் பிள்ளை யாரென்று என்றைக்காவது தெரியவந்தால், இருநூற்று ஆறாம் ஆளுக்குக் கோபம் இல்லை என்று சொல்லிவிடு.

அப்பா


நவம்பர் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இன்றோடு பதினான்கு முடிகிறது என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை. காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது அம்மா தையல் மெஷினைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு பக்கம் பிடித்தேன். இப்போது அது ஜன்னல் பக்கத்தில் இருக்கிறது. வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

தீர்ப்பின் பிரதி கேட்டுக் கடைக்கு நிறையப் பேர் வருகிறார்கள். மூன்றாவது நீதிபதி தனியாக எழுதிய பக்கங்களை யாரும் கேட்பதில்லை. வாசலைப் பற்றி எழுதிய பக்கத்தை மட்டும் உங்களுக்கு ஒரு பிரதி வைத்திருக்கிறேன்.

எங்கள் முதலாளி கடை வாசலில் தொங்கிய ‘படியில் உட்காரக் கூடாது’ பலகையைக் கழற்றிவிட்டார். எதற்கென்று கேட்டால், எழுத்து அழிந்துவிட்டது, புதிதாக எழுத வேண்டும் என்கிறார்.

நீங்கள் சொல்லச் சொன்னதை அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டேன், அப்பா. அது ஒன்றும் பேசவில்லை.

குளிர் வருகிறது. போர்வை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்